உள்ளாட்சி அலுவலகத்துக்கு இணைய முன்பதிவு: ஸ்லாட் கணக்கு முதல் கவுன்டர் வரை

வராந்தாவில் நிற்கும் வரிசையை மொபைலுக்குள் தள்ளிவிடுவது சுலபம். வரிசை அங்கேயும் அப்படியேதான் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முன்பதிவு வைத்த பிறகும் ஹாலில் கூட்டம் குறையவில்லை என்று புலம்பும் அலுவலகங்களில் பெரும்பாலும் மென்பொருளில் கோளாறு இருக்காது. கவுன்டரில் ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். "ஆளுக்குப் பத்து நிமிடம்" என்று யாரோ ஒரு கூட்டத்தில் சொன்னதை வைத்து நாள்காட்டியை நிரப்பியிருப்பார்கள்.

10:40 என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் அது வாக்குக் கொடுத்தது போல. 10:40-க்குக் கூப்பிட முடியாது என்றால் அந்த ஸ்லாட்டைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். இரண்டு முதல் பத்து கவுன்டர் வரை உள்ள அலுவலகத்தை மனதில் வைத்து, அந்த வாக்கைக் காப்பாற்றும் விதத்தில் முன்பதிவை அமைக்கும் வழி இங்கே.

எந்த வேலைக்கு முன்பதிவு, எதற்கு வேண்டாம்

எல்லாச் சேவைக்கும் முன்பதிவு வைக்க வேண்டும் என்ற ஆசையை முதலில் விடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடிகிற வேலைக்கு, அதாவது தயாராக இருக்கும் சான்றிதழை வாங்கிப்போவது, வரி கட்டுவது, படிவம் போட்டுவிட்டுப் போவது போன்றவற்றுக்கு, ஸ்லாட் பிடிக்கும் நேரமே வேலை நேரத்தைவிட அதிகம். இவற்றுக்குத் தனியாக ஒரு விரைவுக் கவுன்டர் போதும். இறப்புப் பதிவுக்கு முன்பதிவே கூடாது; துக்கத்தில் வருகிறவரிடம் லிங்க் கொடுத்து அனுப்ப முடியாது. அன்றே, நேரே, முதலில் பார்க்க வேண்டிய வேலை அது.

முன்பதிவால் நன்மை தெரிவது இந்த மாதிரி வேலைகளில்: அலுவலர் உட்கார்ந்து கோப்பைப் பார்க்க வேண்டியவை, இரண்டு பேர் ஒன்றாக வர வேண்டியவை, அசல் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டியவை, கட்டட வரைபடம் போல முன்கூட்டியே படித்து வைக்க வேண்டியவை.

அடுத்து, சேவைப் பட்டியலின் பெயர்கள். அலுவலகத்தில் பிரிவு வாரியாகப் பெயர் வைத்திருப்பீர்கள். வருகிறவர் அந்தப் பெயரைத் தேட மாட்டார். "பிறப்புச் சான்றிதழ்" என்று ஒரே வரியில் போட்டால் அதற்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கும்: நகல் கேட்பது, குழந்தையின் பெயரைச் சேர்ப்பது, இருக்கும் பெயரில் பிழை திருத்துவது. முதலாவது ஐந்து நிமிடத்தில் முடியும். மூன்றாவதற்கு அரை மணி நேரம் ஆகலாம், மேலதிகாரி கையெழுத்தும் வேண்டியிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே ஸ்லாட் கொடுத்தால் அன்றைய அட்டவணை முதல் மணி நேரத்திலேயே சரிந்துவிடும். எனவே சேவையைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: "சான்றிதழ் ஏற்கெனவே வாங்கியிருக்கிறீர்களா?", "அதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?" அந்தப் பதிலை வைத்து ஸ்லாட்டின் நீளத்தை நிரலே தீர்மானிக்கட்டும். எத்தனை நிமிடம் தேவைப்படும் என்று வருகிறவரையே கேட்பதில் பயனில்லை.

நிமிடத்தை அளப்பது

இரண்டு வாரம், ஒவ்வொரு கவுன்டரிலும் ஒரு தாள். நான்கு கட்டம் போதும்: என்ன வேலை, ஆள் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், முடியவில்லை அல்லது நீண்டுவிட்டது என்றால் ஏன். டோக்கன் இயந்திரம் இருந்தாலும் கையால் எழுதுங்கள். "அடுத்தவர்" பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்பதுதான் இயந்திரத்துக்குத் தெரியும். வேலை முடிந்து ஐந்து நிமிடம் கழித்தும் அழுத்தியிருக்கலாம். ஒவ்வொரு சேவைக்கும் குறைந்தது 30 பதிவாவது சேர்ந்த பிறகே கணக்குப் போடுங்கள். மாதத்தின் முதல் வாரம், வரி கட்டக் கடைசித் தேதி இருக்கும் வாரம் போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரு சேவைக்கு 20 பேர் வந்தார்கள், 17 பேருக்குத் தலா 8 நிமிடம், 3 பேருக்குத் தலா 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 211 நிமிடம், சராசரி பத்தரை. அந்தச் சராசரியில் யாருக்குமே வேலை முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். இப்போது அந்த மூன்று பேரின் "ஏன்" கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே காரணம்தான் எழுதியிருக்கும்: ஆவணம் குறைவு. நகல் எடுக்க வெளியே போனார், வீட்டுக்கு போன் செய்து எண் கேட்டார், கையெழுத்துப் போட வேண்டியவர் கூட வரவில்லை. இதற்கு ஸ்லாட்டை நீட்டுவது மருந்தாகாது. ஆவணப் பட்டியலைத் தெளிவாகப் போட்டால் அந்த 25 நிமிடங்களில் பாதி காணாமல் போகும்.

ஸ்லாட் நீளத்துக்குப் பயன்படும் விதி: சராசரி வேலை நேரம், அதோடு ஆள் மாறும் நேரம் 2 அல்லது 3 நிமிடம், அதை அடுத்த ஐந்துக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். நீளும் வேலைகளுக்காக எல்லா ஸ்லாட்டையும் பெரிதாக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வெற்று ஸ்லாட் விடுங்கள். தாமதம் அங்கே கரைந்துவிடும். தாமதமே இல்லாத நாளில் நேரடியாக வந்தவர் ஒருவர் அங்கே உட்காருவார்.

ஒரு நாளைக்கு எத்தனை

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று கவுன்டர், ஒவ்வொன்றுக்கும் மதிய இடைவேளை போக 6 மணி நேரம், அதாவது 360 நிமிடம். காலையில் கணினி திறந்து, உள்நுழைந்து, பிரிண்டரை எழுப்ப 15 நிமிடம். மாலையில் கணக்கு முடிக்க 15 நிமிடம். மீதி 330. மூன்று கவுன்டருக்கு 990 நிமிடம். வேலைக்கு 12, ஆள் மாற 3, ஆக 15 நிமிட ஸ்லாட் என்றால் 66 வரும்.

66-ஐயும் நிரப்பாதீர்கள். ஒரே கவுன்டர், ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற எளிய வரிசைக் கணக்கில், கவுன்டர் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு வேலை நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் அது 9 மடங்கு, 95-இல் 19 மடங்கு. பத்து நிமிட வேலைக்கு 40 நிமிடம் காத்திருந்தவர், கொஞ்சம் இறுக்கி நிரப்பியதும் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறார். முன்பதிவு வந்தால் ஆள் வரவு சீராகும், மடங்குகள் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் கடைசிப் பத்து சதவீதத்தை நிரப்பும்போது காத்திருப்பு எகிறுவது மாறாது. 85 சதவீதத்தில் நிறுத்துங்கள்: 66-இல் 56.

அந்த 56-ஐப் பிரிப்பதில்தான் சண்டை வரும். தொடக்கத்துக்கு ஏற்ற பிரிவு இது: இணையத்துக்கு 34, தொலைபேசி மற்றும் உதவி மேசை வழியாகப் பதிவோருக்கு 6, நேரே வருவோருக்கு 16. மொபைல் இல்லாதவர், படிக்கத் தெரியாதவர், பார்வைக் குறைபாடுள்ளவர் ஆகியோருக்காக அந்த ஆறு. இணையத்தில் ஸ்லாட் தீர்ந்துவிட்டது என்பதற்காக அதைத் தொடக் கூடாது. நேரே வருவோரை அடியோடு நிறுத்துகிற அலுவலகங்கள் உண்டு, அது தவறு. முன்பதிவு செய்தவர் வராத இடத்தை நிரப்புவது அவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் வராதவர்களை ஈடுகட்ட ஒரே ஸ்லாட்டை இரண்டு பேருக்குக் கொடுக்கும் விமான நிறுவன வேலையில் இறங்க வேண்டியிருக்கும். என்றைக்கு இரண்டு பேருமே வருகிறார்களோ அன்றைக்குக் கவுன்டரில் இருப்பவர் தலையில் விடியும்.

இன்னொரு பொறி: கவுன்டர் எண்ணிக்கை. வருகைப் பதிவேட்டை மூன்று மாதத்துக்குப் புரட்டிப் பாருங்கள். மூன்று கவுன்டர் என்று காகிதத்தில் இருக்கும். விடுப்பு, பயிற்சி, வெளிப்பணி என்று வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்திருக்கும். அப்படியென்றால் முன்கூட்டித் திறக்கும் ஸ்லாட்டை இரண்டு கவுன்டர் கணக்கில் மட்டும் போடுங்கள். மூன்றாவதற்கு ஆள் வந்து உட்கார்ந்த பிறகு, அன்று காலையில், அதன் ஸ்லாட்டைத் திறக்கலாம். வாக்குத் தவறாது, அவசரக்காரருக்கு அன்றே இடமும் கிடைக்கும்.

நீள வேலையும் குட்டி வேலையும் ஒரே கவுன்டரில்

10, 15, 30 நிமிட வேலைகள் கலந்து வரும்போது நாள்காட்டி ஓட்டையாகும். 10:00-க்குப் பத்து நிமிட வேலை, 10:25-க்கு அரை மணி வேலை என்று பதிவானால் நடுவில் உள்ள 15 நிமிடத்தில் அடுத்த அரை மணி வேலையை நுழைக்க முடியாது. நாள் முழுக்க இப்படிச் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகும். நீள வேலைகளை ஒரு பட்டையில் கட்டிவைப்பதே தீர்வு: மதியம் 2:00 முதல் 4:00 வரை கட்டட அனுமதியும் பெயர் திருத்தமும் மட்டும், காலை முழுக்கக் குட்டி வேலைகள். இதில் வேறொரு லாபமும் இருக்கிறது. நீள வேலைக்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டுமென்றால், அவர் இருக்கையில் இருக்கும் நேரத்தோடு அந்தப் பட்டையைப் பொருத்திவிடலாம். ஸ்லாட் கிடைத்து, வந்து, கையெழுத்துக்காக மறுநாளும் வரச் சொன்னால் மக்களுக்கு முன்பதிவின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

முதல் ஸ்லாட்டை அலுவலகம் திறக்கும் நேரத்திலேயே வைக்க வேண்டாம். 10 மணிக்குத் திறந்தால் 10:15. நேரே வருவோரே கிடையாது என்ற அலுவலகத்துக்கு மட்டும், 1952-இல் மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவுகளை ஆராய்ந்து பெய்லியும் வெல்ச்சும் சொன்ன உத்தி உதவும்: தொடக்கத்தில் இரண்டு பேரை வரச்சொல்லிவிட்டு, பிறகு சராசரி நேர இடைவெளியில் ஒவ்வொருவராக அழைப்பது. முதல் ஆள் வராவிட்டாலும் கவுன்டர் சும்மா இருக்காது.

ஸ்லாட்டை எப்போது திறப்பது

மூன்று மாதம் முன்னதாகவே திறந்துவைத்தால் பெருந்தன்மை போலத் தெரியும். எவ்வளவு முன்னால் பதிகிறார்களோ அவ்வளவுக்கு வராமல் போவதும் கூடும். மறந்துவிடுவார்கள், வேலை வேறு வழியில் முடிந்திருக்கும், ரத்து செய்யத் தோன்றாது. 14 நாள் போதும். இணையத்துக்கான 34-இல் 17-ஐ 14 நாள் முன்பும், 10-ஐ 3 நாள் முன்பும், 7-ஐ அன்று காலையிலும் திறங்கள்.

திறக்கும் நேரம் நள்ளிரவாக இருக்கக் கூடாது. அந்நேரத்தில் விழித்திருப்பவை தானியங்கி நிரல்கள்தான். ஏதாவது கோளாறு என்றால் சரிசெய்ய ஆளும் இருக்காது. முன்கூட்டித் திறப்பவற்றுக்குக் காலை 11 மணி நல்லது. அலுவலகம் திறக்கும்போது வரும் முதல் நெரிசல் அடங்கியிருக்கும், தொலைபேசியை எடுக்கவும் ஆள் இருக்கும். அன்றைய ஏழு மட்டும் அலுவலகம் திறந்ததுமே.

இடைத்தரகர்களைப் பற்றி. ஸ்லாட் அரிதாகிற இடத்தில் அதை மொத்தமாகப் பிடித்து விற்க ஆள் முளைப்பது உறுதி. எதிர்வழிகள்:

ஒரு நபருக்கு ஒரு சேவைக்கு ஒரே ஒரு நிலுவைப் பதிவு. ஒரு மொபைல் எண்ணுக்கு மூன்று வரை அனுமதிக்கலாம். ஒரே போனை வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய.

பதிந்த பிறகு பெயரை மாற்ற முடியாது. தேதியை மாற்றலாம், சேவையை மாற்றலாம், பெயரை மட்டும் கூடாது. தரகுக்கு மூலதனமே பெயர் மாற்றம்தான். எழுத்துப்பிழையைக் கவுன்டரில் திருத்திக்கொள்ளலாம்.

ரத்தான ஸ்லாட் உடனே வெளியே தெரியக் கூடாது. ஐந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஏதோ ஒரு நேரத்தில், முறை கண்டுபிடிக்க முடியாதபடி திறக்கட்டும். உடனே திறந்தால் தரகர் ஒரு பக்கம் ரத்து செய்துவிட்டு, அதே நொடியில் மறுபக்கம் வாடிக்கையாளர் பெயரில் பிடித்துவிடுவார்.

கேப்சா கடைசி ஆயுதம். நெளிந்த எழுத்துப் படம் தரகரின் நிரலைவிட வயதானவர்களைத்தான் அதிகம் தடுக்கிறது.

ஆனாலும் இவையெல்லாம் இரண்டாம்பட்சம். அடுத்த மூன்று நாளுக்குள் ஸ்லாட் கிடைக்கிற அலுவலகத்தில் தரகருக்குப் பிழைப்பே இல்லை.

பதிவுப் பக்கம்

வரிசை இப்படி இருக்கட்டும்: சேவை, அந்த இரண்டு கேள்வி, கொண்டுவர வேண்டிய ஆவணங்கள், தேதியும் நேரமும், பெயரும் மொபைல் எண்ணும், ஓடிபி, உறுதிச்சீட்டு. உள்நுழைவுக் கணக்கைத் தொடங்கச் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்க மாட்டார். பிறகு உதவி மேசைக்கு வரும் அழைப்புகளில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

ஆவணப் பட்டியலை நேரம் தேர்ந்தெடுக்கும் முன்பே காட்டுவது முக்கியம். ஆவணம் இன்னும் கைக்கு வராதவர் தள்ளிப் பதிவார். பட்டியலில் "உரிய அடையாள ஆவணம்" என்று எழுதினால் எதுவும் எழுதாதது போலத்தான். எந்தெந்த ஆவணம் செல்லும், அசலா நகலா, எத்தனை நகல், யார் நேரில் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாக, ஒரு வரிக்கு ஒன்றாகப் போடுங்கள். ஆவணங்களை ஸ்கேன் செய்து பதிவேற்றச் சொல்வது பார்க்க நன்றாக இருக்கும். முன்கூட்டி அதைப் படிக்க ஆள் ஒதுக்கியிருந்தால் மட்டும் கேளுங்கள். யாரும் படிக்காத அடையாள அட்டைப் படங்கள் சர்வரில் குவிவது ஆபத்து. முன்பதிவுக்குத் தேவை பெயர், மொபைல் எண், சேவை, நேரம் ஆகிய நான்கு மட்டுமே.

தேதி தேர்வுக்கு மாத நாள்காட்டிக் கட்டம் வேண்டாம். சின்னத் திரையில் விரல் பக்கத்துத் தேதியில் பட்டுவிடும். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் வைத்திருப்பவர் முப்பது கட்டத்தைக் கடந்து போக வேண்டும். "வியாழன், ஜூன் 14: 3 இடம்" என்று காலியுள்ள நாட்களை மட்டும் பட்டியலாகப் போடுங்கள். காலியா இல்லையா என்பதைப் பச்சை, சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டக் கூடாது. இணையப் பக்கத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2; அதன் ஏஏ நிலையில் பொத்தானின் குறைந்தபட்ச அளவு 24-க்கு 24 பிக்சல், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1. ஒப்பந்தத்திலேயே இந்த எண்களை எழுதிவிட்டால் பிறகு வாதாட வேண்டியதில்லை.

பதிவு எண் ஆறு இலக்கமாக, எண்கள் மட்டுமாக இருக்கட்டும். தொலைபேசியில் சொல்ல வசதி, ஆங்கில ஓவா பூஜ்யமா என்ற குழப்பமும் இல்லை. 482913-க்கு அடுத்தவர் 482914 என்று வரிசையாகக் கொடுக்காதீர்கள். எண்ணை ஒன்று கூட்டிப் போட்டு அடுத்தவரின் பதிவை ரத்து செய்துபார்க்கும் குறும்பு எங்கும் உண்டு. ரத்து செய்யவோ மாற்றவோ பதிவு எண்ணோடு மொபைலுக்கு வரும் ஓடிபியும் கேளுங்கள்.

ஒரே ஸ்லாட் இரண்டு பேருக்குப் போவது

சோதனையில் ஒருபோதும் தெரியாமல், திறந்த முதல் நாளே தெரியும் கோளாறு இது. கடைசி ஒரு இடத்தை இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்துகிறார்கள். நிரல் "காலியா?" என்று முதலில் கேட்டு, பிறகு எழுதுகிற வகையாக இருந்தால், இரண்டு கேள்விக்கும் "காலி" என்றே பதில் வரும், இரண்டு பதிவும் ஏறும். காலியா என்று பார்ப்பதும் எழுதுவதும் தரவுத்தளத்தில் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். தேதி, நேரம், இடத்தின் வரிசை எண் ஆகிய மூன்றும் சேர்ந்து இரண்டாம் முறை வரவே முடியாத கட்டுப்பாடு அட்டவணையில் இருக்க வேண்டும். மென்பொருள் தருகிறவரிடம் இதை ஒரே கேள்வியில் சோதிக்கலாம்: "ஒரே இடத்துக்கு 50 கோரிக்கையை ஒன்றாக அனுப்பிக் காட்டுங்கள்." ஒன்று பதிவாகி 49 மறுக்கப்பட வேண்டும். இரண்டு பதிவானால் திருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுத்தவருக்காக அந்த இடத்தைப் பத்து நிமிடம் பிடித்துவையுங்கள். மூன்று நிமிடம் வைத்தால் ஓடிபி வருவதற்குள் போய்விடும். நேரம் முடியும் முன் எச்சரித்து, ஒரு தட்டில் நீட்டிக்கவும் விடுங்கள். அதே நேரம் ஒரே எண்ணிலிருந்து மீண்டும் மீண்டும் பிடித்துவைத்து, பதியாமலே விடுவதை எண்ணிக் கட்டுப்படுத்துங்கள்.

எஸ்எம்எஸ்: 70 இடத்துக்குள்

ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 இடம் கொள்ளும். தமிழ் யூனிகோடில் 70 மட்டுமே. அதைத் தாண்டினால் செய்தி துண்டாகி ஒவ்வொரு துண்டுக்கும் 67 ஆகும், கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். இதில் கவனிக்க வேண்டியது, நாம் எண்ணுகிற எழுத்து வேறு, செய்தி எண்ணுகிற இடம் வேறு. "திருத்தம்" என்பது நமக்கு ஐந்து எழுத்து. இகர, உகரக் குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிப்பதால் செய்திக்கு ஒன்பது இடம். "க" ஒரு இடம், "கு" இரண்டு, "ஸ்ரீ" நான்கு.

அளவுக்குள் அடங்கும் ஒரு செய்தி:

14/6 வியாழன் 10:40. பெயர் திருத்தம். எண் 482913. அசல் தேவை. ரத்து: 2

இது 68 இடம். அலுவலகத்தின் பெயர் அனுப்புநர் பெயரிலேயே வந்துவிடும். "ரத்து: 2" என்றால் 2 என்று பதில் அனுப்பினால் போதும், அப்படிப் பதில் அனுப்பும் வசதி உங்கள் எஸ்எம்எஸ் சேவையில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் தொலைபேசி எண். "நாளை" என்று எழுதாமல் தேதியையும் கிழமையையும் போட்டதற்குக் காரணம், செய்தி சில சமயம் அடுத்த நாள்தான் வந்து சேரும். அப்போது "நாளை" என்பது ஒருநாள் பிந்திவிடும், ஆள் வரமாட்டார்.

பதிந்த உடனே ஒன்று, முந்தின நாள் மாலை ஒன்று, அன்று இரண்டு மணி நேரம் முன்பு ஒன்று. அதற்கு மேல் அனுப்பினால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். ரத்து செய்வது பதிவதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். காரணம் கேட்காதீர்கள். ரத்தான ஒவ்வொரு ஸ்லாட்டும் திரும்பக் கிடைத்த கால் மணி நேரம்.

கவுன்டரில் நடப்பது

வந்ததும் வருகையைக் குறிக்க வேண்டும், நுழைவாயில் மேசையில் பதிவு எண்ணைச் சொன்னால் போதும். இதைத் தவிர்த்தால் யார் வரவில்லை, யார் வந்து காத்திருக்கிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாதக் கடைசியில் கிடைக்கும் புள்ளிவிவரமும் பொய். டோக்கனில் இரண்டு வரிசை: முன்பதிவுக்கு மு-14, நேரடிக்கு நே-7 என்பது போல. ஒரே வரிசை எண்ணில் இரண்டையும் கலந்தால் "எனக்கு 21, அவருக்கு 34, அவரை ஏன் முதலில் கூப்பிட்டீர்கள்?" என்ற சண்டை தினமும் நடக்கும்.

அழைக்கும் விதியைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். நேரம் வந்த முன்பதிவுக்காரர் முதலில். அவர் வராத இடத்தில் நேரடி வரிசையின் அடுத்தவர். இரண்டு பக்கமும் தாமதமாகிவிட்டால் இரண்டு முன்பதிவுக்கு ஒரு நேரடி. நேரத்துக்கு முன்பே வந்தவரை, கவுன்டர் சும்மா இருந்தாலொழிய, முன்னால் இழுக்க வேண்டாம். இழுத்தால் அடுத்த வாரம் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்பே வந்து நிற்பார்கள். செய்தியில் "10 நிமிடம் முன்பு வரவும்" என்பதற்கு மேல் எழுதாதீர்கள், காரணம் அதுவேதான்.

தாமதமாக வருவோருக்குப் பத்து நிமிடம் சலுகை. அதற்கு மேல் போனால் ஸ்லாட் போய்விடும், ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நேரடி வரிசையில் சேர்த்துவிடுங்கள். அலுவலகத்துக்கும் அதே கண்டிப்பு உண்டு. 20 நிமிடத்துக்கு மேல் பின்தங்கினால் இன்னும் கிளம்பாதவர்களுக்கு "30 நிமிடம் தாமதம்" என்று எஸ்எம்எஸ் போக வேண்டும்.

தெரிந்தவர், அழைத்துச் சொன்னவர், பக்கத்து அறைக்காரர் என்று நடுவே நுழைவோர் எந்த அலுவலகத்திலும் உண்டு. முழுக்கத் தடுக்க முடியும் என்று சொல்வதற்கில்லை. வரிசை மாற்றி அழைத்தால் கணினியில் ஒரு காரணம் தட்டச்சு செய்யாமல் முடியாது என்று வையுங்கள். முதியவர், கைக்குழந்தை, உடல்நலம் என்பவை நியாயமான காரணங்கள், பட்டியலிலேயே இருக்கட்டும். "மற்றவை" என்பதை அழுத்தினால் எழுதியாக வேண்டும். எழுத வேண்டும் என்றாலே பாதி குறைந்துவிடும்.

தினமும் மாலையில் மறுநாள் பட்டியலை அச்செடுத்து வையுங்கள்: நேரம், பதிவு எண், பெயர், சேவை. இணையமோ மின்சாரமோ போனால் அந்த ஒரே தாளில் அன்றைய பொழுதை ஓட்டலாம். மாலையில் கிழித்துவிடுங்கள், பெயர்கள் இருக்கின்றன.

திடீரென்று மூட நேர்ந்தால்

வெள்ளம், சர்வர் முடக்கம், ஊழியர்களை வேறு பணிக்கு அழைத்துக்கொள்வது. இந்நாட்களில் "உங்கள் பதிவு ரத்து, மீண்டும் பதியவும்" என்ற செய்தியை அனுப்பிவிட்டுக் கைகழுவுவது மிகப் பெரிய தவறு. 34 பேரும் ஒரே நேரத்தில் பக்கத்துக்குள் வந்து, இருக்கிற ஸ்லாட்டுக்கு முட்டிமோதுவார்கள். முதலில் அந்த நாளைப் புதிய பதிவுக்கு மூடுங்கள். பிறகு அடுத்தடுத்த நாட்களின் காலையில் திறக்க வைத்திருக்கும் ஏழு ஏழிலிருந்து, ஐந்து வேலை நாளுக்குள் எல்லோருக்கும் நீங்களே புதிய நேரம் போட்டு அனுப்புங்கள். ஒத்துவராதவர் மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். தொலைபேசி வழியாகப் பதிந்த ஆறு பேரையும் அழைத்தே சொல்ல வேண்டும். வாசலில் ஒரு அறிவிப்பு, கைப்பட எழுதியதானாலும் சரி.

விடுமுறை நாளை நாள்காட்டியில் சேர்க்கும் உரிமை அலுவலக ஊழியர் ஒருவரிடமும் அவருக்கு மாற்றான ஒருவரிடமும் இருக்க வேண்டும். திடீர் விடுமுறை அறிவித்த நாளில், அதைக் கணினியில் ஏற்ற ஒப்பந்ததாரருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் அமைப்புகள் உண்டு. கடிதம் போய்ச் சேர்வதற்குள் பூட்டிய கதவின் முன் மக்கள் நிற்பார்கள்.

வாங்குவதும் தொடங்குவதும்

நாளுக்கு 20 பேருக்குக் குறைவாக வரும் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசியும் பகிர்ந்த விரிதாளும் போதும்; ஒரே ஆள் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதற்கு மேல் என்றால், சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய ஈஸி!அப்பாயின்ட்மென்ட்ஸ் போன்ற திறமூல மென்பொருளைப் பார்க்கலாம், அதைப் பராமரிக்க ஆள் இருந்தால். வெளியே வாங்கினால் ஒப்பந்தத்தில் இவற்றைக் கேளுங்கள்: பதிவுகள் முழுவதையும் எந்த விரிதாளிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் வசதி, ஸ்லாட் நீளம், விடுமுறை, ஆவணப் பட்டியல் மூன்றையும் ஊழியரே மாற்றும் வசதி, ஸ்லாட் திறக்கும் நிமிடத்தில் வரும் நெரிசலைத் தாங்கும் சோதனை அறிக்கை, வேலை முடிந்த பதிவுகளில் பெயரையும் எண்ணையும் குறிப்பிட்ட நாளில் தானே அழிக்கும் ஏற்பாடு.

ஒரே சேவை, ஒரே கவுன்டர், நான்கு வாரம். தொடக்கத்துக்கு அதிகம் புகார் வரும் சேவையை எடுக்காமல், ஆவணம் தெளிவாக உள்ள சேவையை எடுங்கள். வாராவாரம் நான்கு எண்களைப் பாருங்கள்.

ஒன்று, இன்று பதிந்தால் மூன்றாவதாகக் காலியுள்ள ஸ்லாட் எத்தனை நாள் தள்ளி இருக்கிறது. முதலாவதை எண்ணினால் யாரோ சற்றுமுன் ரத்து செய்த இடமாக இருக்கலாம்; மூன்றாவதுதான் உண்மை நிலவரம். இரண்டு, சொன்ன நேரத்துக்கும் கூப்பிட்ட நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிடம். மூன்று, வராதவர்கள் எத்தனை சதவீதம். நான்கு, முதல் வருகையிலேயே வேலை முடிந்தவர்கள் எத்தனை பேர்.

நான்காவது எண்ணை யாரும் கேட்க மாட்டார்கள், அதனால்தான் கேட்க வேண்டும். ஒருவர் இரண்டு முறை வந்தால் இரண்டு ஸ்லாட் செலவு. அந்த எண் குறைவாக இருந்தால் கவுன்டரைக் கூட்டுவதற்கு முன், திரும்பி வந்தவர்களின் "ஏன்" கட்டத்தை எடுத்து, அங்கே அதிகம் வரும் ஆவணத்தின் பெயரைப் பதிவுப் பக்கத்தில் முதல் வரிக்கு ஏற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். அது சீரானதும் அடுத்த சேவையை எடுக்கலாம், அதற்கும் புதிதாக இரண்டு வாரத் தாள் போட்டு அளந்த பிறகு.